ஐந்தாவது வாளி

சுவரில் தொங்கிய பல்பை ஊர்க்காவலன் மறுபடி தொட்டுப் பார்த்தார். சுடவில்லை. அதுதான் அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

"பாய், இது எப்ப சூடேறும்?"

"ஏறாதுண்ணே. எல்இடி." அப்துல் குத்தூஸ் ஏணியில் நின்றபடி சொன்னார். "நீங்களே கை வச்சுப் பாத்தீகள்ல?"

"வெடிமருந்தும் சூடா இருக்காது. அதுலயும் கை வச்சிருக்கேன்."

அப்துல் குத்தூஸ் பஜாரில் பேப்பர் கடை வைத்திருப்பவர். நோன்புப் பெருநாளுக்கு வீடு முழுக்க சீரியல் லைட் போட்டிருந்தார். தெருக்காரர்கள் எல்லோரும் வந்து பார்க்க வேண்டும், ஆளுக்கொரு டம்ளர் சேமியா பாயசம் குடிக்க வேண்டும் என்பது அவர் மனைவி பைரோஜாவின் ஏற்பாடு. அவர் வீட்டுக்கும் ஊர்க்காவலன் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பல்புகளில் பாதி அந்தச் சுவரின் மேல்.

ஊர்க்காவலன் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். ஒரு நாள் டீ குடிக்க வெளியே வந்தார். திரும்பிப் பார்த்தபோது ஷெட் இல்லை. டீ வேண்டாம் என்று உள்ளேயே இருந்தவர்களும் இல்லை. வேலையை விட முடியவில்லை. வீட்டை மட்டும் தூரமாக, விருதுநகரில் கட்டிக்கொண்டார். அதில் தீப்பெட்டி கிடையாது. சாமி படத்துக்கு பேட்டரி விளக்கு. மனைவி வேலுத்தாய் அடுப்புப் பற்றவைக்கும்போது அவர் தெருவில் நிற்பார். தீபாவளிக்குக் கம்பெனி கொடுக்கும் பட்டாசுப் பெட்டியைத் தெருமுனையிலேயே அவளிடம் நீட்டி, "தண்ணியில முக்கித் தூரப் போடு" என்பார். பயமில்லாமல் தூங்க ஒரு வீடு. அவர் கேட்டது அவ்வளவுதான்.

இப்போது வேலையும் இல்லை. பயம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

"வேலு, நாலு வாளியில மணல் அள்ளிக் கொண்டா."

வேலுத்தாய் ஐந்து கொண்டுவந்தாள். நான்கைச் சுவரோரம் வைத்தாள். ஐந்தாவதை, "இது உள்ள இருக்கட்டும்" என்று வீட்டுக்குள் தூக்கிப்போனாள். இவளுக்கும் புத்தி வந்துவிட்டது என்று அவர் நினைத்தார்.

அந்தி நேரத்து மஃரிப் தொழுகை முடிந்து விளக்குகள் எரிந்தன. பச்சையும் நீலமுமாக ஓடின. முதலில் வந்தவள் கோடிவீட்டு சொர்ணலட்சுமி. பட்டாசுக் கம்பெனி வண்டியில் வேலைக்குப் போய்வருகிறவள். அவள் விளக்கைப் பார்க்கவில்லை.

"என்னண்ணே, மணல் வாளி?"

"ஒரு பாதுகாப்புக்குத்தான். தள்ளி நில்லுங்க."

அவள் வாளிகளைப் பார்த்தாள். போர்மேனைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். தள்ளி நின்று போனை எடுத்தாள்.

"ஏட்டி, பிள்ளைகளக் கூட்டிட்டு வெரசா வா. பாய் வீட்டுல வாணம் விடப்போறாக. போர்மேனே நிக்காரு."

தெருவில் பாதிப் பேர் அந்த வண்டியில் போகிறவர்கள். புது ஐட்டத்தை ஏஜெண்டுகளுக்கு வெடித்துக் காட்டும்போது மணல் வாளி எங்கே இருக்கும், போர்மேன் எங்கே நிற்பார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கூட்டம் சேர்ந்தது. கூட்டம் என்றால் நெரிசல். சுவருக்குப் பக்கத்தில் நெரிசல். ஊர்க்காவலன் தெருவின் குறுக்கே கொடிக்கயிற்றைக் கட்டினார்.

"கயிறு கட்டியாச்சு" என்றது ஒரு குரல். பிள்ளைகளை முன்னால் உட்காரவைத்தார்கள்.

பைக்குகள் உள்ளே வந்தன. அவற்றை நிறுத்தத் தன் சிவப்புத் துண்டை ஒரு கம்பில் கட்டி நட்டார்.

விசில் பறந்தது. அடுத்த தெருவிலிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள்.

"எம்புட்டு உயரம் போகும்ணே?" என்று கேட்டான் பெத்தணன். சரவெடி பின்னுகிறவன்.

"எது?"

"சொல்ல மாட்டீக. சரி, பாத்துக்கிடுறோம்."

அப்துல் குத்தூஸ் காலி அண்டாவோடு வந்தார். "அண்ணே, பாயசம் தீந்துருச்சு. ஒருத்தரும் போக மாட்டேங்குறாகளே."

"எல்லாம் உங்க பல்பால வந்தது பாய். அணைச்சிருங்க. போயிருவாக."

அணைத்தார்.

இருட்டில் தெரு மொத்தமும் சந்தோஷமாக மூச்சை இழுத்தது. யாரோ பத்து என்றார்கள். எல்லோரும் ஒன்பது என்றார்கள்.

எண்ணிக்கை கீழே இறங்குவதைக் கேட்டதும் ஊர்க்காவலனின் உடம்பு அவரைக் கேட்காமல் குப்புறப் படுத்துக் காதைப் பொத்தியது. போர்மேன் படுத்ததைப் பார்த்த கம்பெனி ஆட்களும் படுத்தார்கள். அனுபவம் உள்ளவர்கள். பைரோஜா அண்டாவுக்குப் பின்னால் உட்கார்ந்து ஓதத் தொடங்கினாள்.

ஒன்று என்றார்கள்.

ஒரு நாய் குரைத்தது.

"என்னண்ணே, நமுத்துப்போச்சா?" என்றாள் சொர்ணலட்சுமி, தரையிலிருந்து.

"நமுக்குறதாவது? வீட்டுக்குள்ள பத்திரமா வச்சிருக்காரு" என்றான் பெத்தணன். "வெளிய எடுக்க மனசு வரல."

கூட்டம் எழுந்து கயிற்றைத் தாண்டியது. அப்துல் குத்தூஸ் பயந்துபோய் விளக்கை மறுபடி போட்டார். பச்சை வெளிச்சத்தில் ஊர்க்காவலன் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறினார்.

"வாணமும் இல்ல, வெடியும் இல்ல. என் வீட்டுல ஒரு சிட்டிகை மருந்து கிடையாது. இந்த ஊர்லயே பயப்படாம ஒருத்தன் தூங்குற வீடு இது. நம்பாதவுக உள்ள வாங்க. மூலை மூலையாத் தேடிப் பாருங்க."

கூட்டம் அவர் வாசலைப் பார்த்து நகர்ந்தது.

பின்னாலிருந்து வேலுத்தாய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். காதோரம் சொன்னாள்.

"உள்ள மட்டும் கூப்பிடாதீக. தூரப் போட மனசு வரல. அந்தத் தீபாவளிப் பெட்டி அம்புட்டும் நம்ம கட்டிலுக்கு மேல பரண்லதான் இருக்கு."