மரவள்ளிக் கட்சியில் நான்

கூச்சக்காரர்களுக்குப் பேச்சு வராது என்று நினைப்பது தவறு. உள்ளே பேச்சு அண்டா நிறையக் கிடக்கும். வெளியே வரும் வழிதான் தெரியாது. ஊர்க்கூட்டங்களில் தூணுக்குப் பின்னால் நின்றே வயதாகிப்போன எனக்குப் போன வருஷம் அந்த வழி திறக்கும் போலிருந்தது.

ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன பெண்களுக்காக எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்பு நடக்கிறது. தர்மபுரியிலிருந்து வரும் டீச்சர் சின்னப் பெண். நம் மண்ணுக்கு ஏற்றது தக்காளியா, மரவள்ளியா என்று விவாதம் வைத்தார். சீட்டு எடுத்ததில் எனக்கு மரவள்ளி.

"சும்மா பேசக் கூடாதுங்க. ஒவ்வொண்ணுக்கும் ஆதாரம் வேணும். நல்லாப் பேசறவங்களைக் கடத்தூர் விழாவுல மேடை ஏத்துவேன்" என்றார்.

மேடை என்றதும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பயத்தால் அல்ல, ஆசையால். (பயமும்தான்.)

மறுநாளே ஆராய்ச்சியில் இறங்கினேன். கிழங்கு ஏற்றும் லாரிக்காரரிடம் விலை கேட்டேன். முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்ததால் டயரைப் பார்த்துக் கேட்டேன்.

"பஞ்சர் ஒண்ணும் இல்லீங்க ஆயா" என்றார் அவர். விஷயத்தைச் சொன்னதும் மரவள்ளியின் நல்லது கெட்டது எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அடுத்து, பக்கத்து ஊரில் களை எடுக்கும் பெண்களைக் கேட்டேன். பெரிய ஆதாரம் அங்கேதான் சிக்கியது. மண்டியில் விலை போகாத ஒரு டெம்போ தக்காளியை யாரோ திருப்பிக் கொண்டுவந்து மாட்டுக்குக் கொட்டினார்களாம்.

"யாரு வூடுங்க அது?"

"உங்க சம்பந்தி வூடுதான். தெரியாதாட்டம் கேக்கறீங்களே."

என் மருமகளின் பிறந்த வீடு. சம்பந்தியம்மாவும் இதே வகுப்புக்குத்தான் வருகிறார். (ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்து ஆளுக்கொரு மூலையில் உட்காருவோம்.) பேரைச் சொல்லாமல் விட்டால் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

தினமும் எங்கள் மாட்டின் முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். "மாடு ஒத்துக்கிச்சாம்மா?" என்று மகன் கேலி செய்தான்.

விவாத நாளன்று ஒரு மரவள்ளிச் செடியைக் கிழங்கோடு பிடுங்கிக் கொண்டுபோனேன். யாருக்கு யார் எதிரி என்று டீச்சர் அப்போதுதான் சீட்டு எடுத்தார். எனக்கு எதிரே எழுந்து நின்றவர் சம்பந்தியம்மா. எங்கள் உறவு டீச்சருக்குத் தெரியாது. சொல்வதற்கு எனக்கு வாய் வந்தால்தானே.

எங்கள் ஊர்ப்பக்கங்களில், நாலு பேர் முன்னால் சம்பந்தியை மறுத்துப் பேசுவது, விருந்தில் போட்ட இலையைக் காலால் தள்ளுவதற்குச் சமம்.

"தக்காளி வெச்சா வாரம் தவறாம காசு பாக்கலாம்ங்க" என்றார் சம்பந்தியம்மா, தரையைப் பார்த்து.

"மறுத்துப் பேசுங்க" என்றார் டீச்சர்.

"அவங்க சொல்றது சரிதானுங்க" என்றேன். "மரவள்ளின்னா பத்து மாசம் காத்துக் கெடக்கணும். கெழங்குல மாவு கம்மின்னு ஜவ்வரிசி மில்லுல விலையைக் கொறைப்பாங்க. லாரிக்காரரே சொன்னாருங்க."

என்ன ஆச்சரியம், குரல் கணீரென்று வந்தது. அதற்குமேல் நிறுத்த முடியவில்லை. அலைந்து சேர்த்த ஆதாரமெல்லாம் என் கட்சிக்கு எதிராகவே வரிசை கட்டி வந்தது.

சம்பந்தியம்மா பதறிப்போனார். "அப்பிடிச் சொல்லாதீங்க சம்பந்தி. கெழங்கு மண்ணுக்குள்ள காத்திருக்கும். தக்காளி காத்திருக்குமா? எங்க வூட்டுத் தக்காளிய மாடுதான தின்னுச்சு."

நான் கட்டிக் காத்த ரகசியத்தை அவரே போட்டு உடைத்துவிட்டார்.

"அது ஏதோ ஒரு தடவைங்க."

"இல்லீங்க, உங்க மரவள்ளிதான் ஒசத்தி."

"உங்க தக்காளிதானுங்க."

வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "யாரு எந்தக் கட்சின்னு எனக்கே மறந்துபோச்சுங்க. ரெண்டு பேரும் உக்காருங்க."

கடத்தூர் மேடைக்கு வேறு இரண்டு பேர் போனார்கள். கிணற்றுத் தண்ணீர்த் தகராறில் வெகுநாளாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். மறுத்துப் பேச அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

ஆனால் எங்கள் விவாதமும் வீண்போகவில்லை. இந்த வருஷம் அவர்கள் காட்டில் மரவள்ளி, எங்கள் காட்டில் தக்காளி. வீட்டில் சண்டை வந்து மருமகள் ஜெயித்தால், "நீங்க சொல்றது சரிதானுங்க சம்பந்தி" என்று மகன் கும்பிடு போடுகிறான்.

போன வாரம் மண்டியில் விலை விழுந்துவிட்டது. ஒத்திகை கேட்ட அதே மாட்டின் முன்னால் ஒரு கூடைத் தக்காளியைக் கொட்டினேன். மகன் எட்டிப் பார்த்தான்.

"அம்மா, உன் ஆதாரத்தை மாடு தின்னுது பாரு."