ஒரு சுற்று முன்னால் அடித்த மணி

ஐஸில் கால் வைக்காமலே ஐஸ் பந்தய வீரராக வாழ்ந்தவர் உலகத்தில் எங்கள் 'பத்தாயிரம்' அண்ணன் ஒருவர்தான். அவர் தொட்ட ஐஸ் ஜூஸ் கடை ஐஸ் மட்டுமே.

பேத்துப்பாறைக்காரர். கொடைக்கானல் ஏரிக்கரையில் வாடகை சைக்கிள் கடை. ஐரோப்பாவில் நடக்கும் ஆண்கள் பத்தாயிரம் மீட்டர் பனிச்சறுக்குப் பந்தயத்தைப் போனில் பார்க்க உட்கார்ந்தால், கடைக்கு வந்த தேனிலவு ஜோடி சண்டை போட்டுப் பிரிந்தாலும் நிமிர மாட்டார். மொத்தம் இருபத்தைந்து சுற்று.

"என்னண்ணே, சுத்துன இடத்தையே சுத்துறாங்க?" என்று கடைப் பையன் கேட்பான்.

"ஏலே, வெரசா ஓட எவனாலயும் முடியும். இதுக்குப் பொறுமை வேணும்."

ரேஷன் கடைக்குக்கூட அந்த வீரர்களைப் போலக் குனிந்து, ஒரு கையை முதுகில் வைத்துக்கொண்டுதான் போவார். இடுப்புப் பிடிப்பு என்று நினைத்து ஒரு அம்மா தைலம் கொடுத்தார். மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

நாற்பத்தாறு வயதில் சக்கர ஸ்கேட் வாங்கினார். ஒரு மைதானத்தைச் சுற்றிய சிமென்ட் பாதையைக் கயிறு போட்டு அளந்தார்; பந்தயத்தில் போலவே சுற்றுக்கு நானூறு மீட்டர். இருபத்தைந்து சுற்றையும் அரை மணி நேரத்துக்குள் முடிப்பதென்று கங்கணம் கட்டிக்கொண்டார். பக்கத்து வங்கியில் குமாஸ்தாவாக இருந்த என் கையில் ஒரு மாட்டு மணியைத் திணித்தார். கடைசிச் சுற்று தொடங்கும்போது அடிக்க வேண்டும். பந்தயத்தில் அதுதான் வழக்கமாம்.

"ஓடுறது என் சோலி. எண்ணுறது ஒங்க சோலி தம்பி."

ஞாயிறு காலை. மூடுபனிக்குள் போவதும் வருவதுமாக இருந்தார். பாதியில் டீக்காரர் சூடான பஜ்ஜியோடு வந்தார். தின்று முடித்தபோது எண்ணிக்கை குழம்பியிருந்தது. குத்துமதிப்பாக மணியை அடித்தேன். மனிதர் பறந்து வந்து முடித்தார். இருபத்தொன்பது நிமிடம்! ஏரிக்கரை முழுக்க பிளம்ஸ் வாங்கிக் கொடுத்தார். கடைச் சுவரில் பெயின்ட்டால் '29' என்று எழுதினார்.

அடுத்த வாரம் தீக்குச்சி அடுக்கி ஒழுங்காக எண்ணினேன். முப்பது நிமிடத்தைத் தாண்டியது. சரியாக ஒரு சுற்றுக்கான நேரம் கூடுதல். போன வாரம் ஒரு சுற்று முன்னாலேயே மணியை அடித்திருக்கிறேன். அன்றே சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சுவரை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

எட்டு மாதம் அந்த இருபத்தொன்பதைத் துரத்தினார். கடைசியாக ஓடியது முப்பது நிமிடம் ஐந்து விநாடி. உண்மையில் அதுதான் அவருடைய ஆகச் சிறந்த ஓட்டம். அதை ஓடிவிட்டுத்தான் ஸ்கேட்டைக் கழற்றினார்.

"வயசாயிருச்சு தம்பி. காலு சொன்னபடி கேக்க மாட்டேங்குது."

மாற்றலாகி வேறு ஊருக்கு வந்துவிட்ட நான் போன மாதம் கொடைக்கானல் போயிருந்தேன். சைக்கிள் எடுக்க வந்தவர்களிடம் சுவரைக் காட்டி, என் தோளில் கை போட்டார். "இந்தத் தம்பி மணி அடிச்சாருங்க. அன்னைக்கு மட்டுந்தான் என்னால முடிஞ்சது."

அப்போதும் நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அண்ணே, உங்கள் காலில் ஒரு குறையும் இல்லை. தப்பாக எண்ணியது நான். ஸ்கேட்டை எடுத்துத் தூசி தட்டி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே வந்துவிடுகிறேன்.