டேங்குக்கு அடியில் ஒரு கட்டைவிரல்

ஒரு பனியன் கம்பெனியை ஒற்றைக் கட்டைவிரலால் நிறுத்தியவன் நான். ஸ்ட்ரைக் இல்லை, கரண்ட் கட் இல்லை. விரல்தான். இதை மட்டும் கேட்பவர்கள் என்னைத் தொழிற்சங்கத் தலைவர் என்று நினைத்து மரியாதையாக நாற்காலி இழுத்துப் போடுவார்கள். மிச்சத்தையும் கேட்டபின் சிரித்து முடிக்க அவர்களுக்கே நாற்காலி தேவைப்படும்.

இரண்டாயிரங்களின் நடுவில், தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து திருப்பூர் நெருப்பெரிச்சலில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசராக இருந்தேன். என் பழைய மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேப் (டேங்குக்கு அடியில் ஆன், ஆஃப், ரிசர்வ் என்று திருப்புவோமே, அதேதான்) ஒழுக ஆரம்பித்தது. வண்டியை நிறுத்திய இடத்திலெல்லாம் புள்ளி வைத்துவிட்டு வந்தது.

மெக்கானிக்கிடம் விட்டிருக்கலாம். ஆனால் செக்கிங் செக்‌ஷனில் மேரி இருந்தாள். நாங்குநேரிப் பக்கத்துப் பெண். டி-சர்ட்டை விரித்து ஒரு பார்வை பார்த்தால் போதும், எங்கோ ஒளிந்திருக்கும் ஓட்டை தானே முன்வந்து சரணடையும். அவளிடம் அதுவரை நான் பேசியிருந்த மொத்த வசனம், "பீஸ் ரெடியா?" செக்கிங் பெண்கள் மத்தியானம் மற்ற செக்‌ஷன்களுக்கு முன்பாகவே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்த மரத்துக்கு நேர் எதிரே, ஸ்பேனரும் கையுமாக, சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு ஒரு ஆண்மகன் வண்டியை ரிப்பேர் செய்தால் எப்படி இருக்கும்! (எனக்கு நன்றாகத்தான் இருந்தது.)

அந்த இடம் பாய்லர் ரூம் சுவரை ஒட்டியது. அயர்ன் டேபிள்களுக்கு நீராவி கொடுக்க உள்ளே விறகு எரிந்துகொண்டே இருக்கும். எனக்குத் தெரியாததில்லை. மரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்ததில் மறந்துபோனது. அன்று காலைதான் டேங்க் தளும்பத் தளும்பப் பெட்ரோல் போட்டிருந்தேன், ஞாயிற்றுக்கிழமை கொமரலிங்கத்து நண்பன் வீட்டுக்குப் போக. அதுவும் மறந்துபோனது என்று சொன்னால் பொய். பழசைக் கழற்றிக் கண்ணிமைப்பதற்குள் புதுசை மாட்டிவிடலாம் என்று நம்பினேன்.

நட்டைத் திருகினேன். டேப் கையோடு வந்தது. பின்னாலேயே பெட்ரோலும் வந்தது. முழங்கை, சட்டை, பேன்ட், செருப்பு என்று ஒன்றையும் விடாமல் நனைத்தது. பதறிப்போய்ப் புது டேப்பை வைத்துத் திருகினேன். மரை சேரவில்லை. கடைக்காரரிடம் வண்டியின் பெயரைச் சொல்லியிருந்தேன், மாடலைச் சொல்லவில்லை. வேறு வழியில்லாமல் கட்டைவிரலால் ஓட்டையை அடைத்தேன்.

பெட்ரோல் நின்றது. நானும் அப்படியே நின்றேன், பாதி குனிந்து, முகத்தை சீட்டில் வைத்து. சுவருக்கு அந்தப் பக்கம் விறகு வெடிக்கும் சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே அத்தனை ஜனம், கூரை வரைக்கும் பருத்தித் துணி.

மேனேஜர் பழனிச்சாமி அண்ணன் மோப்பம் பிடித்து வெளியே வந்தார். ஒரே பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது. எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் என் வம்சத்தையே வசவில் இழுத்திருப்பார்கள். அவரோ குரலைக்கூட உயர்த்தவில்லை.

"தம்பீ, அந்தக் கைய மட்டும் எடுத்துராதீங்க சாமி. அப்புடியே இருங்க."

பிறகு பாய்லர்காரரிடம், "ஏனுங்க, அந்தக் கதவச் சாத்திப்போட்டு நீங்களும் வெளிய வந்துருங்க."

பிறகு உள்ளே போய், "எல்லாரும் மிசினை ஆஃப் பண்ணிப்போட்டு அந்தண்டை கேட் வழியா ரோட்டுக்குப் போயிருங்க. ஓடாதீங்க, கண்ணுகளா."

ஒருவரும் ஓடவில்லை. வரிசை வரிசையாக மிஷின்கள் நின்றன. பவர் டேபிள், ஓவர்லாக், கடைசியில் அந்தப் பெரிய ஃபேன்களும். அந்தக் கட்டிடத்துக்குள் மௌனம் என்று ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. எங்கோ ஒரு மயில் அகவியது. அத்தனை காலமும் அது அகவிக்கொண்டுதான் இருந்திருக்கும்! பெட்ரோலில் ஊறிப்போய்க் குனிந்து நின்ற அந்த நிலையிலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பாய்லர் நெருப்பு உடனே அணையாது. அதனால் வண்டியை நகர்த்த வேண்டும் என்றார் மேனேஜர். வண்டி போனால் விரலும் போக வேண்டும், விரல் போனால் நானும் போக வேண்டும். அயர்ன் மாஸ்டர்கள் நான்கு பேர் முன்னும் பின்னும் பிடித்துக்கொள்ள, நான் டேங்குக்கு அடியில் கையை விட்டபடி நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தேன். பின்னால் பிடித்திருந்த பீகார்க்காரர், "பையா, சோட்னா மத்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு இந்தி தெரியாது. ஆனால் விட்டுவிடாதே என்கிறார் என்பது புரிந்தது.

மெயின் கேட்டைத் தாண்டினோம். தள்ளி நின்ற கம்பெனி ஜனம் மொத்தமும் எங்களையே பார்த்தது. டவுன் பஸ் ஒன்று தானாகவே நின்று வழிவிட்டது. டிரைவர் பீடியை அவசரமாக அணைத்துவிட்டு, கும்பிடுவதா வேண்டாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. எதிர்ப்புறக் காலி மனையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். காலி ஆயில் கேன்கள் வந்தன.

கேன்களோடு மேரியும் வந்தாள். தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டிப் புனல் மாதிரி செய்திருந்தாள். அதை என் கைக்குக் கீழே பிடித்துக்கொண்டு முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"கோட்டியா புடிச்சிருக்கு உங்களுக்கு? டேங்க் நெறைய பெட்ரோல வச்சிக்கிட்டு யாராவது டேப்பக் கழத்துவாவளா? உள்ள எத்தன பேரு இருக்காவ, கண்ணு தெரியல? இப்ப மெதுவா வெரல எடுங்க. மெதுவான்னேன்!"

அத்தனை மரியாதைக்கு நடுவே அந்த வசவு எனக்குக் குளிர்ந்த மோர் போல இறங்கியது. விரலை எடுத்தேன். அது வெளுத்து, சுருங்கி, வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

டேங்க் காலியானது. மெக்கானிக் ஒருவர் வந்து சரியான டேப்பை மாட்டிவிட்டுப் போனார். மேனேஜர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "நல்லா சோப்புப் போட்டுக் குளிச்சுப்போட்டு, நாளைக்கு வாங்க தம்பி." திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்த ஒரு வரி இன்றும் உள்ளே எங்கோ குத்திக்கொண்டே இருக்கிறது.

மறுநாள் மேரியிடம் நன்றி சொல்லப் போனேன். "அந்த நாத்தம் போற வரைக்கும் பக்கத்துல வராதீங்க" என்றாள். போனபிறகு வரலாம் என்று நான் பொருள் எடுத்துக்கொண்டேன். அவளும் மறுக்கவில்லை. சர்ச்சில் எங்கள் கல்யாணத்துக்கு மொத்த கம்பெனியும் வந்திருந்தது.

இன்றுவரை எங்கள் வீட்டில் எனக்கு ஸ்பேனர் தொடும் உரிமை கிடையாது. சமையலறைக் குழாய் சொட்டினால்கூட பிளம்பர்தான். போன வாரம் மேரி இல்லாத நேரம் பார்த்து நானே சட்டையைச் சுருட்டிக்கொண்டு குழாயடிக்குப் போனேன். திருப்பூரிலேயே பிறந்து வளர்ந்த என் மகள் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி, மிகுந்த பணிவோடு கேட்டாள்:

"ஏனுங்கப்பா, பக்கத்து ஊட்டுக்காரங்களை எல்லாம் ரோட்டுக்கு வரச் சொல்லிப்போடட்டுங்களா?"