நிலாவெளிச் சரித்திரத்தார்

தன் ஊரான நிலாவெளியின் கடலில் முதன்முதலாகக் கால் நனைத்தவர் யாரென்று தெரிந்த ஒரே மனிதர், டென்மார்க்கில் கிரின்ஸ்டெட் என்ற சிற்றூரில், ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கு மட்டுமே தெரியும். எங்களுக்கு அவர் சரித்திரத்தார்.

ஊரில் போர் ஓய்ந்திருந்த காலத்தில், அவரோடு வேலை செய்த டேனிஷ்காரர் ஒருவர் நிலாவெளி ஹோட்டலில் விடுமுறை கழித்துவிட்டு வந்து, நல்ல கடற்கரை என்றார்.

"நீ துவாய் விரிச்சுப் படுத்தது பழைய துறைமுகத்திலை. ரெண்டாயிரம் வரியத்துக்கு முந்தி மிளகு ஏத்தின இடம்" என்று டேனிஷில் அதட்டினார் சரித்திரத்தார். அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டார்.

பக்கத்து நகரமான வைலேயில் ஒரு கலியாணம். வாழ்த்துரைக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். அவருடைய பேச்சில் முதலாவது கப்பல் கரைக்கு வருமுன் பந்தியில் புரியாணி முடிந்துவிட்டது. ஆதாரம் கேட்டால், "கடலுக்குக் கீழை கிடக்கு, போய்ப் பாருங்கோ" என்பார்.

இரண்டாயிரத்து ஒன்பதில், போர் முடிந்த சில நாட்களில், என் வீட்டு மணியை அடித்தார். நான் நகரசபையில் படிவங்களோடு கிழடாகி ஓய்வுபெற்றவன். கடைசிப் போர் நடந்த வன்னியில் கலியாணம் கட்டிய அவருடைய தம்பியிடமிருந்து தை மாதத்துக்குப் பிறகு போன் இல்லை. காணாமற்போனவரைத் தேடும் படிவத்தை நிரப்ப வேண்டும். 'பிறந்த ஊர்' என்ற கட்டத்துக்கு மட்டும் பதினொரு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"அண்ணை, இதிலை ஒரு வரிக்குத்தான் இடம்."

"ஒரு வரியிலை எந்த நூற்றாண்டை எழுதுறது ஐயா?"

"ஊரின்ரை பேர் காணும். தம்பியைக் கடைசியாக் கண்டது எப்ப?"

"எண்பத்தாறு. என்னை பஸ் ஏத்திவிட வந்தவன். பன்ரெண்டு வயசு."

"இப்ப என்ன உயரம்?"

பழைய கப்பல்களின் நீளத்தை முழக்கணக்கில் சொல்லும் மனிதர் தன் நெஞ்சளவில் கையை வைத்துக் காட்டினார், பிறகு எடுத்துவிட்டார்.

"போனிலை குரல்தானே ஐயா கேட்டது."

பிறகு, "ஒருக்கா எழும்பி நில்லுங்கோ" என்றார். நின்றேன். உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தார்.

"உங்கடை உயரம் வந்திருப்பான். எங்கடை அப்புவும் நெட்டை."

ஊகத்தைப் படிவத்தில் எழுதக்கூடாது என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவன் நான். என் உயரத்தை எழுதினேன்.

பதில் வரவில்லை. சில வருடங்களில் சரித்திரத்தார் காலமாகிவிட்டார். எனக்கு முதுகு கூனத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு முறையும் உயரம் கொஞ்சம் குறைகிறது என்கிறார் டாக்டர். அவர் அளக்கும்போது நான் இயன்றவரை நிமிர்ந்து நிற்கிறேன். படிவத்தில் அந்தத் தம்பியின் உயரமும் அதுதானே.