பாலிஃபீனாலும் ஒன்பது விரல்களும்

மார்ச் 9, திங்கட்கிழமை, காலை 6 மணி 40 நிமிடம். அப்பாவுக்கு இப்போதுள்ள கால்விரல்கள்: ஒன்பது.

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நீ, அத்தான், குட்டி மூவரும் சுகம் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கேயும் அப்படியே என்று எழுதுவதுதான் முறை. முதல் வரியைப் படித்துவிட்ட உன்னிடம் அதை எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், நான் கத்துவேன், பாதி விஷயம் அதிலேயே போய்விடும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. பதறாதே, கிளம்பி வராதே. கைக்குழந்தையோடு பன்னிரண்டு மணி நேரப் பயணம் தேவையில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், பேசுகிறார், சாப்பிடுகிறார். நான் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு வரைபடம் அனுப்பினேனே, அப்பாவின் சர்க்கரை 236இலிருந்து 97க்கு இறங்கியதைக் காட்டும் நீலக்கோடு, நீகூட எனக்கு டாக்டர் பட்டமே கொடுக்கலாம் என்று பதில் போட்டாய், அதை அழித்துவிடு. யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களையும் அழிக்கச் சொல். அந்தக் கோடு பொய்.

விஷயம் ஜனவரி 5ஆம் தேதி தொடங்கியது. பழத்தோல், தேயிலை, கொக்கோ, வெங்காயம் இவற்றுக்கெல்லாம் நிறமும் துவர்ப்பும் தருகிற பாலிஃபீனால் என்ற சரக்கு, சர்க்கரை ஏறுவதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், ரத்தக்குழாய்க்கும் கொஞ்சம் நல்லது என்று பதினொரு கட்டுரை படித்தேன். பதினொன்றிலும் "கொஞ்சம்" இருந்தது. நான்தான் அதைப் படிக்கவில்லை. சமையலறைச் சுவரில் அட்டவணை ஒட்டினேன், எந்த வேளைக்கு எது, எத்தனை மில்லிகிராம் என்று. முப்பது வருடம் பேருந்து ஓட்டிய மனுஷன், ஒரு நாள்கூட வண்டியைத் தாமதமாக எடுக்காதவர், அந்த அட்டவணையையும் அப்படியே ஓட்டினார். சர்க்கரை சேர்க்காத கொக்கோவை வெறும் வாயில் போட்டுத் தும்மியதில், எதிரே நின்ற என் வெள்ளைச் சட்டை பழுப்பாகிவிட்டது. ஆப்பிளின் தோல் அப்பாவுக்கு, தோல் போன ஆப்பிள் அம்மாவுக்கு, திராட்சையிலும் அதே பங்கு. ஒரே மாதத்தில் அம்மா இரண்டு கிலோ கூடினாள். பச்சைத் தேநீர் நாளைக்கு ஐந்து டம்ளர். பார்க்கில் அவரோடு நடக்கிறவர்கள், உங்கள் பையன் உங்களுக்குக் கஷாயம் வைக்கிறானா, உங்களையே கஷாயம் வைக்கிறானா என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். நான் சிரிக்கவில்லை, நான்காவது டம்ளரைக் குடித்தாரா என்று கேட்டேன்.

தினம் காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்தி அளக்க வேண்டும். முதல் மூன்று நாளும் 236, 241, 229. மூன்று நாளும் நான் விசாரணை வைத்தேன், முந்தின நாள் என்ன தின்றீர்கள், எங்கே தின்றீர்கள், யார் கொடுத்தார்கள் என்று. மூன்றாம் நாள் நாற்பது நிமிடம். வேலைக்குத் தாமதமாகப் போனேன். நான்காம் நாள் அம்மா சமையலறையிலிருந்து கருவியைக் கொண்டுவந்து காட்டினாள்: 104. அன்றைக்கு நான் விசில் அடித்தேன். அதன்பின் தினமும் அவளே அளந்து கொண்டுவந்து காட்டினாள். அக்கா, தொழிற்சாலையில் என் வேலையே அளக்கும் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதிப்பது. ஒரே ராத்திரியில் 125 இறங்கிய எந்தக் கருவிக்கும் சிவப்புச் சீட்டு ஒட்டி ஓரம் வைத்திருப்பேன். வீட்டிலும் சோதித்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன். சோதனைத் திரவம் வாங்கி வாரம் ஒருமுறை கருவியைச் சரிபார்த்தேன். கருவி துல்லியம். அதனால் முப்பதாம் நாள், டாக்டரைக் கேட்காமல், மாலை மாத்திரையை நிறுத்தினேன். நான்தான் நிறுத்தினேன். அப்பா, "நீ படிச்சவன், உனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டார்.

பிப்ரவரிக் கடைசியில் என் கருவிப்பையிலிருந்து விழுந்த திருகு ஒன்று அவர் ஷூவுக்குள் போயிருக்கிறது. சர்க்கரையால் பாதம் மரத்துப் போனவருக்கு அது தெரியவில்லை. அதை உள்ளே வைத்துக்கொண்டே நாள் முழுக்க நடந்திருக்கிறார். கால்விரலில் வந்த புண்ணை ஒரு வாரம் காலுறைக்குள் ஒளித்தார். வெள்ளிக்கிழமை காய்ச்சல், இங்கே கொண்டுவந்தோம். நர்ஸ் விரலில் குத்திப் பார்த்து 412 என்றார். உங்கள் கருவி கெட்டுப்போச்சு என்று அவரோடு சண்டை போட்டேன். வண்டியை விரட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் என் கருவி, திரவம், வரைபடம் எல்லாம் எடுத்து வந்து, அத்தனை பேர் முன்னால் நானே அப்பா விரலில் குத்தினேன். 409. வரைபடத்தைத் தூக்கிக் காட்டி, அறுபத்தொரு நாள் கணக்கு இருக்கிறது என்றேன். அம்மா என் கையைப் பிடித்து இறக்கினாள்.

"அது என் ரத்தம்டா."

எனக்குப் புரியவில்லை. இடது கையை விரித்துக் காட்டினாள். மோதிரவிரல் நுனி முழுக்கப் புள்ளிப் புள்ளியாக இருந்தது.

"கூடுதலா வந்தா நீ கத்துவ. அவரு அன்னைக்கு முழுக்கச் சாப்பிடமாட்டாரு. என் விரல்ல எடுத்தா நீ சிரிச்சுக்கிட்டு வேலைக்குப் போற. மாத்திரையை நிறுத்துவன்னு நான் கண்டேனா?"

நிறுத்தியதை நான் அவளிடம் சொல்லவே இல்லை, அக்கா. இங்கே நர்ஸ் மாத்திரைக் கணக்கு கேட்டபோதுதான் அவளுக்கே தெரிந்தது.

சனிக்கிழமை அப்பாவின் அந்தக் கால்விரலை எடுத்தார்கள். இதயத்தையும் பார்த்தார்கள். எப்போதோ ஒருமுறை, வலியே இல்லாமல், மாரடைப்பு வந்து போயிருக்கிறதாம். டாக்டர் என்னைத் திட்டவில்லை. "தேநீர், பழமெல்லாம் நல்லதுதான். மாத்திரைக்குப் பக்கத்துல வைங்க, மாத்திரை இருக்கிற இடத்துல வைக்காதீங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஆக, நிலைமை கட்டுக்குள் இருக்கிறது. பத்து நாளில் வீட்டுக்கு அனுப்புவார்கள். நான் லீவு போட்டிருக்கிறேன். நீ வரவேண்டிய அவசியமில்லை. அத்தானுக்கு என் வணக்கம், குட்டிக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். மூவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தம்பி.

பி.கு.: இதை மடித்து வைத்துவிட்டு 7.25க்கு உள்ளே போனேன். என்னைப் பார்த்ததும் அப்பா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். "இன்னைக்கு எவ்வளவு இருந்தா சரிப்பா?" என்று கேட்டார். மேலே வராதே என்று எழுதியதையெல்லாம் அடித்துவிடு. வா. குட்டியையும் கொண்டு வா. நீ வருவதற்குள் நான் செய்யப்போவது:

1. சுவர் அட்டவணையைக் கிழிப்பது.

2. டாக்டர் எழுதிய மாத்திரை, டாக்டர் எழுதிய நேரம். தேநீர், அவராகக் கேட்டால்.

3. அம்மாவிடம் பேசுவது. என்ன பேசுவதென்று தெரியவில்லை.

4. நர்ஸ் ஊசியோடு வரும்போது அப்பாவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவது. எண்ணை நர்ஸ் பார்த்துக்கொள்ளட்டும். நான் அப்பாவைப் பார்ப்பது.