நூற்றிருபது பச்சை

கோயமுத்தூரில் நிறத்தைக் கோர்ட் வழக்கு அளவுக்குக் கண்டிப்பாக நடத்திய ஒரே ஜீவன் கட்டம் அம்மணிதான். பீளமேட்டில் பெட்டி, லேபிள் வடிவமைக்கும் அலுவலகம் ஒன்றில் எனக்கு அடுத்த நாற்காலி அவருடையது. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் கட்டம்தான்.

காரணம், அவர் அச்சிட்டுக் குவித்த கட்டங்கள். ஒரு தாள் முழுக்கச் சின்னச் சின்னச் சதுரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நிறம், அடியில் ஓர் எண். பெட்டி எந்த மெஷினில், எந்த அட்டையில் அச்சாகுமோ, அதே மெஷினில், அதே அட்டையில்தான் அந்தச் சார்ட்டும் அச்சாக வேண்டும். "ஸ்கிரீன்ல தெரியறது வெளிச்சமுங்க, அட்டையில வாரது மையுங்க. ரெண்டும் எப்படிங்க ஒண்ணாகும்?" என்பார். மாதம் பிறந்ததும் பழைய சார்ட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக அடிப்பார். மெஷினுக்கு மனசு மாறியிருக்குமாம்.

டியூப்லைட்டில் நிறம் பார்க்க மாட்டார். யாரானாலும் வெயிலுக்கு வர வேண்டும். மழைக்காலத்தில் வந்த மசாலாக் கம்பெனிக்காரர் ஒருவர் சூரியனுக்காக மூன்று நாள் காத்திருந்தார். சார்ட்டை லேமினேட் செய்யலாமே என்று யோசனை சொன்ன கணக்காளரிடம் கட்டம் ஒரு வாரம் பேசவில்லை.

இப்படிப்பட்டவர் லீவில் இருந்த நாளில்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனி. பம்ப்புக்கு அடிக்கும் பச்சையிலேயே பெட்டியும் வேண்டும் என்றிருந்தார்கள். நான் சார்ட்டைத் தொடாமல், திரையில் தெரிந்த பச்சையை நம்பி அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

கம்பெனி ஓனர் அச்சாகி வந்த பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தானுங்க இருக்குது. பாத்துப்போட்டுச் சொல்றேனுங்க."

எங்கள் ஊரில் இதைவிடக் கடுமையான வார்த்தை கிடையாது. எங்கள் முதலாளிக்கும் அது புரிந்தது. "சார்ட்டுப் பாக்காம அனுப்புனது யாருன்னு மட்டும் தெரியட்டும், அன்னிக்கே ஊட்டுக்கு அனுப்பிப்போடறேன்" என்றார்.

மறுநாள் கட்டத்திடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் பெட்டியை வெயிலில் பிடித்தார். "கொத்தமல்லிச் சட்னின்னாலும் இத்தனை ஊசிப்போயிருக்கக் கூடாதுங்ணா."

அன்றே நூற்றிருபது பச்சை அச்சாயிற்று. ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் ஓர் ஓட்டை. சார்ட்டைப் பம்ப்பின் மேல் வைத்தால் ஓட்டை வழியாகப் பம்ப் தெரியும். அதற்கு மேல் கடைசியாக ஒரு சதுரம், வெறும் வெள்ளை.

"இது எதுக்குங்க?"

"எதுவும் புடிக்கலீன்னு அவரு வாயால சொல்ல மாட்டாருங்ணா. வெரலாலயாச்சும் சொல்லட்டும்."

எங்கள் முதலாளியும் கூட வர, பம்ப் கம்பெனி வாசலில், உச்சி வெயிலில் பம்ப்பை வைத்தோம். ஓனர் மஞ்சள் சட்டையில் வந்து குனிந்தார். "ஏனுங்க, உங்க சட்டை மஞ்ச, பச்சை மேல உழுகுதுங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் கட்டம். அவ்வளவு பெரிய கம்பெனி முதலாளி "மன்னிச்சுக்குங்க அம்மணி" என்று பின்னால் போய், அங்கிருந்து கையை மட்டும் நீட்டினார். விரல் நூற்றிருபது பச்சையையும் சுற்றிவிட்டு, வெள்ளையில் நின்றது.

எங்கள் முதலாளி முகம் செத்துவிட்டது. கட்டத்துக்கோ ஒரே சந்தோஷம். "இப்பத்தானுங்க வேலையே ஆரம்பிக்குது. என்னங்க கொறை?"

"நீலம் கொஞ்சம் தூக்கலா இருக்குதுங்க அம்மணி."

மறுநாள் நீலம் குறைத்து இன்னும் அறுபது பச்சை. நாற்பத்து மூன்றாவது கட்டத்தைப் பம்ப்பின் மேல் வைத்தபோது சுற்றிலும் உள்ள பச்சையும் உள்ளே தெரிந்த பச்சையும் ஒன்றாகிவிட்டன. ஓனர் விரலால் தடவித் தேடினார்.

"ஏனுங்க அம்மணி, ஓட்டை எங்கீங்க?"

ஆர்டர் பிழைத்தது. நாங்கள் கிளம்பும்போது ஓனர் கேட்டார்: "இத்தனை கச்சிதமாப் பண்றவிங்க, மொதல்ல எப்படிங்க தப்பு உட்டீங்க?"

முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ற சார்ட்டுதானுங்க தப்பு" என்றார் கட்டம். "பழசுங்க. மாத்தாம உட்டுப்போட்டேனுங்க."

ஆர்டரைக் காப்பாற்றிக் கொடுத்தவரை முதலாளி என்ன சொல்ல முடியும்? "இனிமே பாத்துக்குங்க" என்று முனகிவிட்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

பஸ் ஸ்டாப்பில் நானும் கட்டமும் நின்றோம். நன்றி சொல்ல வாயைத் திறந்தேன்.

"அதா, பஸ்ஸு வருது பாருங்ணா" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். ரோடு காலியாகக் கிடந்தது. அன்று எனக்காக அவர் சொன்ன இரண்டாவது பொய் அது.