தூசி அறைக்கு வந்த கூட்டாளிகள்

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம்; கடைவாய்ப் பல்லைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும். அண்ணியின் முழங்கால் மாடிப்படி ஏறச் சம்மதிக்கிறதா, உங்கள் இரத்த அழுத்தம் செய்தித்தாள் படிக்கும்போது மட்டும்தான் ஏறுகிறதா என்பதையெல்லாம் பதிலில் விவரமாக எழுதவும். விசாரிப்பு முடிந்தது, இனி விஷயம். அண்ணா, நான் ஜெயித்துவிட்டேன்.

போன தடவை உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், உங்கள் சம்பந்திகள் முன்னால், "என் தங்கச்சி தூசியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா, அதுக்குப் பல்கலைக்கழகத்துல சம்பளமும் குடுக்குறாங்க. நாமதான் தப்பான படிப்பு படிச்சிட்டோம்" என்றீர்களே, ஞாபகமிருக்கும். எல்லாரும் சிரித்தார்கள். மரியாதைக்கு நானும் சிரித்து வைத்தேன். அப்போது நான் வாய் திறக்காததற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை. எனக்கே உள்ளூர அந்தச் சந்தேகம் இருந்தது. இப்போது இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பதிவாளர் ஓர் உத்தரவு போட்டார். கட்டடத்தில் இடப் பற்றாக்குறை, ஆகவே இரண்டு துறைகள் சேர்ந்து ஆராய்ச்சி செய்யும் அறைகள் மட்டுமே இனி நீடிக்கும், வெள்ளிக்கிழமை விசாரணையில் கூட்டாளி பெயர் சொல்ல முடியாத ஒண்டிக்கட்டைகள் காலி செய்ய வேண்டும் என்று. என் அறையில் விருந்தினர் உட்கார சோபா போடப் போவதாகப் பேச்சு. என் அறை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது. கூரை வரை அலமாரி, அலமாரி நிறையக் கண்ணாடித் தட்டுகள், ஒவ்வொரு தட்டிலும் வருஷக்கணக்காக யாரும் கலைக்காமல், தானாகப் படிந்த தூசி, அடுக்கடுக்காக. காகிதத்தை மூட்டை கட்டலாம், எலும்புக்கூட்டைக்கூட மூட்டை கட்டலாம். படிந்த தூசியைக் கட்ட முடியாது அண்ணா. வாசல் தாண்டினால் அது வெறும் குப்பை. அறை போனால் என் ஆயுள் உழைப்பு போச்சு.

யாரிடமும் போய்ப் பல்லைக் காட்டி எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் வேறு வழியில்லாமல் பக்கத்து அறைக் கதவைத் தட்டினேன். அங்கே இருப்பவர் கணிதத் துறை. இத்தனை வருஷமாகப் பார்த்தால் தலையாட்டுவதோடு சரி, என்ன ஆராய்ச்சி என்று நானும் கேட்டதில்லை, அவரும் கேட்டதில்லை. அறை முழுக்கக் கயிறு தொங்கியது. பயந்தே போனேன்.

"முடிச்சும்மா" என்றார். "கயித்தோட ரெண்டு முனையையும் ஒட்டிட்டா, எந்தச் சிக்கல் அவிழும், எது ஜென்மத்துக்கும் அவிழாதுன்னு பாக்கறேன்."

"அதனால என்ன சார் பிரயோஜனம்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டது நான், குரல் அச்சு அசல் உங்களுடையது.

அவர் கோபப்படவில்லை. "நீங்க எதுல?" என்றார்.

"தூசி."

"ஓ" என்றார். அந்த ஒரு 'ஓ'வுக்குள் அடங்கியிருந்த இளக்காரத்தை அளக்க எந்தத் துறையிடமும் கருவி கிடையாது. வந்த காரியத்தைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன்.

ஆனால் பாருங்கள், ஒண்டிக்கட்டை நான் ஒருத்தி மட்டுமில்லை. மறுநாள் காலையில் வரலாற்றுத் துறை அம்மாள், எனக்கு மூத்தவர், ஒரு தகரப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு திருட்டுத்தனமாக உள்ளே வந்தார். அவர் ஆராய்ச்சி பொத்தான். "ராஜா கதைய எல்லாரும் எழுதிட்டாங்க. ராஜா சட்டைய மூடி வெச்சது யாரு?" என்று என்னையே மடக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என் பெட்டியில பழைய தூசி நிறைய கெடக்கு. நாம ரெண்டு பேரும் கூட்டுன்னு சொல்லிருவோமா? வெளிய மூச்சு விடாதீங்க" என்றார். சரி என்றேன். அவர் போன சுவடு மறைவதற்குள் பறவையியல்காரர். காக்கை தன்னைச் சீண்டியவன் முகத்தை மறக்காமல் பிள்ளைக்குட்டிக்கும் காட்டிக் கொடுக்கிறதா என்பது அவர் ஆராய்ச்சி; அதற்காக மாறுவேட முகமூடி போட்டுக்கொண்டு திரிபவர், அதைக் கழற்றாமலே உள்ளே வந்துவிட்டார். "காக்கா கூட்டுக்குள்ள இருக்கற தூசி இருக்கே மேடம், அது தனி உலகம். நம்மளுக்குள்ளயே இருக்கட்டும்." அவருக்கும் சரி என்றேன். அடுத்து உளவியல். ஒருவர் கொட்டாவி விட்டால் எதிரில் இருப்பவரும் ஏன் விடுகிறார் என்பது அவர் ஆராய்ச்சி. "கொட்டாவி விடறப்ப வாய்க்குள்ள தூசி போகுமில்ல?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் நானே இரண்டு விட்டாயிற்று. மறுக்க எந்த முகத்தோடு? கடைசியில் கணிதம். வாசலிலேயே நின்று தரையைப் பார்த்துக்கொண்டு, "கட்டிலுக்கு அடியில தூசி உருண்டை உருண்டையா சேருதே, அதுக்குள்ள நூல் இருக்கும். நூல் இருந்தா முடிச்சு இருக்கும்" என்றார். நானும் பதிலுக்கு "ஓ" என்றேன். பிறகு மனசு கேட்காமல் சரி என்றேன். எனக்கு வேண்டியது ஒரு கூட்டாளி. ஒருவர் பின் ஒருவராக வந்து, தலைக்கு ஒரு ரகசியமாகச் சொன்னால் நான் என்ன செய்வேன்?

சொன்ன பொய்க்குக் கொஞ்சமாவது மரியாதை இருக்கட்டும் என்று வரலாற்று அம்மாள் விட்டுப்போன தகரப் பெட்டியில், பொத்தான் துளைகளிலிருந்து ஒரு சிட்டிகை தூசியை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். போர்க்களத்தில் விழுந்த சிப்பாய்களின் சட்டைப் பொத்தான்கள் என்று அவர் ஓர் அத்தியாயமே எழுதியிருந்தார். தூசியில் மண் இல்லை, வெடிமருந்து இல்லை. மாவு. பொத்தானின் ஒவ்வொரு துளையிலும் கோதுமை மாவு. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"அப்ப இவங்க சண்டைக்கே போகலையா? பின்னாடி உக்காந்து ரொட்டிதான் சுட்டாங்களா?"

"அப்படித்தான் தெரியுது."

"என் மூணாவது அத்தியாயம் போச்சே!" என்று கத்தினார். நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். பார்த்தால் அந்த அம்மாள் சிரிக்கிறார், கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார், என் தோளைப் பிடித்து உலுக்குகிறார். இத்தனை வருஷமாக அலமாரியோடு மட்டும் பேசி வந்தவளுக்கு அது எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. விட்டுவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை விசாரணை. நீண்ட மேசைக்குப் பின்னால் பதிவாளர், எதிரே வரிசையாக நாங்கள். முதலில் கணிதத்தைக் கேட்டார். "உங்க கூட்டாளி?"

"தூசி, சார்."

"பறவை?"

"தூசி."

"உளவியல்?"

உளவியல்காரர் என்னைப் பார்த்தார். பறவைக்காரர் உளவியல்காரரைப் பார்த்தார். பிறகு எல்லாரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். ஒரே மாப்பிள்ளை நாலு வீட்டில் வாக்குக் கொடுத்தது சபையில் வெளிப்பட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

"என்னம்மா இது? ஊருக்கெல்லாம் நீங்க ஒருத்தர்தானா?" என்றார் பதிவாளர்.

கூட்டத்தில் நான் பேசி யாரும் கேட்டதில்லை. எழுந்துவிட்டேன். "தூசி எந்தத் துறைக்குள்ள போகாம இருந்திருக்கு சார்? உங்க மேசைக்கும் தினம் வருது."

"பேச்சு நல்லாத்தான் இருக்கு. உருப்படியா ஒண்ணு காட்டுங்க."

நான் காட்ட வேண்டியிருக்கவில்லை. பொத்தான் அம்மாள் எழுந்து ரொட்டி சுட்ட சிப்பாய்களின் கதையை எடுத்துவிட்டார். பதிவாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பாதியிலேயே பறவைக்காரர் குறுக்கிட்டு, "அப்ப கூட்டுத் தூசிய வெச்சு என் காக்கா எந்த வீட்டுக் கொல்லையில மேயுதுன்னு சொல்லிடலாமா?" என்றார். சொல்லலாம் என்றேன். கணிதம், "உருண்டைக்குள்ள நூல் எத்தனை சுத்து சுத்தியிருக்குன்னு தெரியுமா?" என்றது. பார்த்தால் தெரியும் என்றேன். ஆளுக்கு ஒரு நாற்காலியை இழுத்து என்னைச் சுற்றிப் போட்டுக்கொண்டார்கள். பதிவாளரை மறந்தே போனோம். அப்போது உளவியல்காரர் எழுந்து, "சார், ஒண்ணு கவனிச்சீங்களா? இந்தக் கூட்டத்துல இதுவரைக்கும் ஒருத்தர்கூடக் கொட்டாவி விடல. இந்தப் பல்கலைக்கழகத்துல இதுதான் முதல் தடவை" என்றார்.

பதிவாளர் சிரித்துவிட்டார். என் அறை எனக்கே. அதற்குக் 'கூட்டு ஆராய்ச்சி மையம்' என்று பெயர்ப்பலகையும் உண்டு. சோபா வேறெங்காவது போகட்டும்.

ஆகவே அண்ணா, சம்பந்திகள் அடுத்த தடவை வரும்போது, அதே மேசையில், அதே குரலில் இதைப் படித்துக் காட்டவும். "அதனால என்ன பிரயோஜனம்?" என்று கேட்டால், யாருக்குத் தெரியும் என்று சொல்லுங்கள். தெரியாமல்தானே நாங்கள் இத்தனை பேரும் ஆளுக்கொரு மூலையில் கிண்டிக்கொண்டிருக்கிறோம்! இனி என் அறைக்காக யாரிடமும் நான் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அண்ணிக்கு என் அன்பு, பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள், உங்களுக்கு, தகுதியில்லாவிட்டாலும், என் வணக்கம்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் பதிவாளரிடமிருந்து இன்னோர் உத்தரவு. எல்லாருக்கும் கூட்டாளி நான் ஒருத்தியே என்பதால் எல்லாருக்கும் என் அறை ஒன்றே போதுமாம். மற்ற அறைகளைப் பூட்டிவிட்டார்கள். காலையிலிருந்து என் அலமாரியில் கயிறு தொங்குகிறது, ஜன்னலில் காக்கை உட்கார்ந்து என்னை உற்றுப் பார்க்கிறது, உளவியல்காரர் கொட்டாவி வரவழைக்கக் கட்டில் கொண்டுவந்துவிட்டார், பொத்தான் அம்மாள் புழுக்கமாக இருக்கிறதென்று என் நல்லதுக்காகவே மின்விசிறியைப் போட்டார். மேல் வரிசைத் தட்டுகளின் தூசியெல்லாம் இப்போது எங்கள் தலையில். எனவே, அண்ணா, உங்கள் மாடியறை காலியாக இருக்கிறதா? போன தடவை அங்கே அலமாரியின் மேல் விரலால் தடவிப் பார்த்தேன். அவ்வளவு ஆழமான, யாரும் தொடாத, முதல்தரமான தூசியை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. இதை அண்ணியிடம் பாராட்டாகவே சொல்லவும்.